படகும் பக்க உந்தியும்

நடு ஏரியில் படகு ஓட்டுவது பெரிய வித்தையன்று. எஞ்சினை முடுக்கிவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டால் படகு தன் போக்கில் செல்லும். வித்தையெல்லாம் துறையை நெருங்கும்போதுதான் தேவைப்படுகிறது. துறையை அணைய வேண்டுமானால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறைந்ததும் சுக்கான் செயலிழந்து போகிறது. சுக்கான் என்பது என்ன? தன்மீது பாயும் நீரை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் எதிர்விசையால் படகின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளும் ஒரு பலகை. நீர் பாயாவிட்டால் அது வெறும் பலகையே. இந்த நேரம் பார்த்துக் காற்றும் பக்கவாட்டில் அடித்தால், படகின் முன்முனையாகிய அணியம் காற்று தள்ளிய பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒற்றை எஞ்சின் படகாயின் இன்னொரு தொல்லையும் உண்டு. படகை நிறுத்துவதற்காக விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றினால், அது படகைப் பின்னுக்கு இழுப்பதோடு நில்லாமல் பின்புறத்தை ஒரு பக்கமாகவும் இழுக்கும். முன்செல்லும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் விசிறியானால், பின்செலுத்தும்போது படகின் பின்புறம் இடப்பக்கம் நகரும். பழகிய ஓட்டிகள் இதையே தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு, படகின் இடப்பக்கத்தைத் துறைக்குக் கொடுத்து அழகாக அணைத்துவிடுவார்கள். ஆனால் துறை எப்போதும் இடப்பக்கத்திலேயே இருப்பதில்லை. காற்றும் நம்மைக் கேட்டு அடிப்பதில்லை.

இந்த இக்கட்டுக்கு மாற்றாக வந்ததுதான் த்ரஸ்டர் என்னும் கருவி. படகை முன்னே செலுத்துவதற்காக அன்றி, இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் தள்ளுவதற்காக அமைந்தது இது. ஆகவே இக்கட்டுரையில் இதைப் பக்க உந்தி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். படகின் அணியத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, இப்பக்கத்திலிருந்து அப்பக்கம்வரை குறுக்காக ஒரு குழாய். குழாயின் நடுவில் ஒரு சிறு விசிறி. விசிறியைச் சுழற்ற, குழாய்க்கு மேலே படகின் உள்ளே ஒரு மின்மோட்டார். வலப்பக்க நீரை உறிஞ்சி இடப்பக்கம் பீச்சினால் அணியம் வலப்பக்கம் நகரும். திசையை மாற்றினால் மறுபக்கம் நகரும். பெரிய கப்பல்களில் பல்லாண்டுகளாக உள்ள இந்த ஏற்பாடு, இன்று 8, 10 மீட்டர் நீளமுள்ள சிறு படகுகளுக்கும் வந்துவிட்டது.

இதைப் பற்றி நான் கணக்குப் போட நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து வந்து கொச்சியில் கடலியல் முதுகலை பயில்பவன் நான். வேம்பநாட்டு ஏரியில் நீர் மாதிரி எடுப்பதற்கு எங்கள் வகுப்பினர் வாடகைக்கு அமர்த்தும் படகு 10 மீட்டர் நீளம், கண்ணாடியிழை உடல், பின்னால் ஒரே ஒரு டீசல் எஞ்சின். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், மேல்காற்று வலுத்திருந்த வேளையில், படகு துறைச்சுவரை நோக்கிப் பக்கவாட்டில் ஒதுங்கியது. என் வகுப்புத் தோழன் ஒருவன் அதைக் கையால் தடுக்க முயன்று, வலக்கையின் இரு விரல்கள் நசுங்கிச் சில வாரங்கள் எழுதுகோல் பிடிக்க முடியாமல் இருந்தான்.

இதில் அவனைக் குறை சொல்வார் உண்டு. கணக்கைப் பார்த்தால் எவராலும் அதைத் தடுத்திருக்க முடியாது என்பது விளங்கும். படகின் எடை, ஆட்களும் பொருள்களும் சேர்த்து ஏறத்தாழ 5 டன். அது நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். மிக மெல்லிய நடையைவிடவும் மெதுவான வேகம் அது. அந்நிலையில் அதன் இயக்க ஆற்றல் 625 ஜூல். 64 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் ஆற்றல் அதுவே. அவ்வளவையும் உள்ளங்கைக்கும் சுவருக்கும் இடையில் அடக்கப் பார்த்தால் விரல்கள் என்னாகும்? படகு மெதுவாக வருவது கண்ணை ஏமாற்றுகிறது. எடை தன் வேலையைச் செய்துவிடுகிறது.

அதற்குப் பிறகு படகின் ஸ்ராங்கு (படகோட்டியை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள், எங்களுக்கு அவர் ‘சேட்டன்’) பக்க உந்தி வைத்துவிடுவது என்று முடிவு கட்டினார். வியாபாரி ஒருவர் அவரிடம், “இருப்பதில் பெரியதாக வாங்கிப் போடுங்கள், பின்னால் எஞ்சினுக்கு இருக்கும் பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம்” என்று சொல்லி ஒரு விலைப்பட்டியலையும் கொடுத்தனுப்பியிருந்தார். சேட்டன் அதை என் கையில் திணித்து, “மோனே, நீ படிச்சவனல்லே, ஒந்நு நோக்கு” என்றார். நோக்கினேன். வியாபாரியின் வாக்கியத்தில் முற்பாதி தேவையற்றது என்றும், பிற்பாதி முற்பாதியின் பயனையே அழித்துவிடும் என்றும் கண்டேன். எப்படி என்பதே இனிமேல் நான் சொல்லப் போவது.

முதலில், வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி. இரண்டு எஞ்சின்கள் உள்ள படகுக்குப் பெரும்பாலும் பக்க உந்தி தேவையில்லை. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் செலுத்தினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். விசிறிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு எளிதாகத் திரும்பும். வைக்கத்துக்கும் தவணைக்கடவுக்கும் இடையே 2017ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகை நம் நண்பர்கள் சிலர் பார்த்திருப்பார்கள். 20 மீட்டர் நீளம், 75 பயணிகள் ஏறலாம். அது இரட்டை உடல் படகு. உடலுக்கு ஒன்றாக 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு. அத்தகைய அமைப்புக்கு அணியத்தில் துளை போட வேண்டிய அவசியமே இல்லை.

ஒற்றை எஞ்சின் படகிலும், காசு செலவழிக்குமுன் கயிற்றை நினைத்துப் பார்ப்பது நல்லது. படகின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கயிற்றைத் துறையில், படகுக்குச் சற்றுப் பின்தள்ளி உள்ள முளையில் மாட்டிவிட்டு, சுக்கானைத் துறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, எஞ்சினை மெல்ல முன்செலுத்தினால், படகு கயிற்றில் இழுபட்டுத் துறையோடு ஒட்டி நின்றுவிடும். எங்கள் ஊர் விசைப்படகுக்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இதற்குக் கயிற்றை மாட்ட ஒருவர் துறையில் நிற்க வேண்டும், அல்லது குதிக்க வேண்டும். சேட்டன் பெரும்பாலும் தனியாள். படகில் இருப்பவர்களோ எங்களைப் போன்ற, குதிக்கத் தெரியாத மாணவர்கள். ஆகவே அவருடைய ஆசை நியாயமானது என்றே எனக்குப் பட்டது.

உந்திகளில் பல வகை உண்டு. மேலே சொன்ன குழாய் வகையே மிகப் பரவலானது. அணியம் ஆழமில்லாத பாய்மரப் படகுகளுக்கு, வேண்டும்போது மட்டும் அடியிலிருந்து இறங்கிப் பிறகு உள்ளே மடங்கிக்கொள்ளும் வகை ஒன்று இருக்கிறது. கச்சிதமான ஏற்பாடு, விலையும் சிக்கலும் அதிகம். படகின் வெளியே, அடியில் திருகிப் பொருத்தும் வகையில் பெரிய துளை போட வேண்டியதில்லை. ஆனால் அது எப்போதும் நீரில் துருத்திக்கொண்டிருப்பதால் மீன்வலை, கயிறு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். இன்னொரு வகையில் ஒரே நீரேற்றி நீரை உறிஞ்சிச் சிறு குழல்கள் வழியாக இரு பக்கமும் பீச்சுகிறது. பின்புறத்துக்கும் தனி உந்தி உண்டு; இரண்டும் இருந்தால் படகை நண்டுபோல் பக்கவாட்டில் நடத்தலாம். சேட்டனின் படகில் பின்புறத்தைச் சுக்கானும் விசிறியுமே பார்த்துக்கொள்ளும் என்பதால் அணியத்து உந்தி ஒன்றே போதும் என்று விட்டுவிட்டோம்.

இனி அளவு. எவ்வளவு பெரிய உந்தி வேண்டும்? ‘படகு இத்தனை மீட்டர், ஆகவே இந்த உந்தி’ என்று விலைப்பட்டியலில் ஓர் அட்டவணை இருக்கும். அது வழிகாட்டிதான். உந்தி போராடுவது படகின் நீளத்தோடு அன்று, காற்றோடு. ஒரே நீளமுள்ள இரு படகுகளில் ஒன்றுக்கு உயரமான கூண்டும் மற்றொன்றுக்குத் தாழ்ந்த விளிம்பும் இருந்தால், முன்னதற்கு இரு மடங்கு உந்தி தேவைப்படலாம்.

காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாலுமிகள் பயன்படுத்தும் பியூஃபோர்ட் அளவில் அது 5ஆம் எண். அதன் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 நியூட்டன். நீர்மட்டத்துக்குமேல் தெரியும் பக்கப்பரப்பை அளந்தோம்: 14 சதுர மீட்டர். படகின் பக்கம் தட்டையான சுவரன்று. வளைவும் சாய்வும் உள்ளது. அதனால் முக்கால் பங்கை மட்டும் கணக்கில் கொள்வது வழக்கம். 60, 14, முக்கால் மூன்றையும் பெருக்கினால் 630 நியூட்டன். இதுதான் படகின்மேல் காற்றின் மொத்தத் தள்ளல்.

இந்த 630 நியூட்டனையும் உந்தியே தாங்க வேண்டுமா? வேண்டியதில்லை, இங்கேதான் நெம்புகோல் துணைக்கு வருகிறது. படகின் பின்முனையை ஊன்றுபுள்ளியாகக் கொண்டால், காற்றின் விசை படகின் நடுவில், ஊன்றுபுள்ளியிலிருந்து 5 மீட்டரில் விழுகிறது. திருப்புத்திறன் 3150 நியூட்டன்-மீட்டர். உந்தியை ஊன்றுபுள்ளியிலிருந்து 8.5 மீட்டரில் வைத்தால் அது கொடுக்க வேண்டிய விசை 3150ஐ 8.5ஆல் வகுத்த ஈவு: ஏறத்தாழ 370 நியூட்டன், அதாவது 38 கிலோகிராம் எடைக்குச் சமம். விலைப்பட்டியல்களில் உந்திகளை இந்தக் கிலோகிராம் கணக்கில்தான் குறிக்கிறார்கள். உண்மையில் மிதக்கும் படகின் ஊன்றுபுள்ளி அசையாத ஆணியன்று. ஆயினும் உந்தியைத் தேர்ந்தெடுக்க இந்தக் கைக்கணக்கு போதும். 40 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட ஓர் உந்தி சேட்டனுக்குப் போதும் என்று ஆயிற்று. வியாபாரி குறித்துக் கொடுத்திருந்ததோ 95 கிலோகிராம்!

காற்றழுத்தம் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதையும் மறக்கக்கூடாது. காற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். எந்தப் புயலையும் வெல்லும் உந்தி வேண்டுமென்று கிளம்பினால் படகையே அதற்காகக் கட்ட வேண்டியிருக்கும். அத்தகைய காற்றில் துறைக்கு வராமல் ஏரியிலேயே நங்கூரமிட்டு நிற்பதுதான் முறை. சேட்டனும் அதைத்தான் செய்வார்.

அடுத்து, குழாயின் விட்டம். இதைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கோ இதுதான் மிகச் சுவையான இடம். ஒரே அளவு தள்ளலைப் பெற இரண்டு வழிகள் உண்டு: கொஞ்ச நீரை மிக வேகமாகப் பீச்சலாம், அல்லது நிறைய நீரை மெதுவாகத் தள்ளலாம். தள்ளல் வேகத்தின் இருபடியாகவும், செலவாகும் திறன் வேகத்தின் முப்படியாகவும் உயர்கின்றன. ஆகையால் மெதுவாகத் தள்ளுவதே இலாபம். 125 மில்லிமீட்டர் குழாயில் 370 நியூட்டன் பெற வேண்டுமானால் நீரை நொடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் விரட்ட வேண்டும். நீருக்குக் கொடுக்க வேண்டிய திறன் ஏறத்தாழ 1000 வாட். 185 மில்லிமீட்டர் குழாயானால் நொடிக்கு 3.7 மீட்டர் போதும். 690 வாட்டுக்குள் வேலை முடியும். உராய்வும் மோட்டார் இழப்பும் சேரும்போது இரண்டும் இரண்டு மூன்று மடங்காகும் என்றாலும், விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம், இரைச்சலும் குறைவு.

ஆனால் அகலமான குழாயை வைக்க ஆழம் வேண்டுமே? குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது அதன் முக்கால் விட்டமாவது அமிழ்ந்திருக்க வேண்டும். ஒரு முழு விட்டம் இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் காற்று கலந்தால் தள்ளல் போய் இரைச்சல்தான் மிஞ்சும். இங்குள்ள ஒரு படகுப் பட்டறையில் அப்படிப் பொருத்தப்பட்ட படகொன்றைக் கண்டேன். பொத்தானை அழுத்தினால் கொதிக்கும் குடம்போல் நுரைத்ததே தவிர, அணியம் அசையவில்லை. ஆளில்லாத படகில் நீர்மட்டத்தை அளந்து துளை போட்டார்களாம். எரிபொருள் தீர்ந்து முன்பகுதி எழும்பியபோது குழாயும் எழும்பிவிட்டது.

சேட்டனின் படகில் முன்முனையிலிருந்து 1.2 மீட்டரில் நீருக்குள் இருக்கும் ஆழம் 30 சென்டிமீட்டர், 1.5 மீட்டரில் 45 சென்டிமீட்டர். ‘உந்தியை எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது’ என்பது எல்லோரும் சொல்லும் விதி. நெம்புகோலின்படி அது சரியே. அதைப் பின்பற்றினால் 1.2 மீட்டரில் சிறிய குழாய்தான் வைக்க முடியும். 30 சென்டிமீட்டர் பின்னால் வந்தால் பெரிய குழாய் வைக்கலாம். நெம்புகோலில் இழப்பது 8.8 மீட்டருக்கும் 8.5 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு, அதாவது நூற்றுக்கு மூன்றரை பங்கு. திறனில் பெறுவது நூற்றுக்கு முப்பதுக்கு மேல். விதியைச் சற்று வளைப்பதில் தவறில்லை என்று சேட்டனிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்பவில்லை. சாக்குக்கட்டியால் படகில் இரு வட்டங்களையும் வரைந்து, தள்ளி நின்று பார்த்த பிறகே தலையசைத்தார்.

இப்போது மின்சாரம். வியாபாரி சொன்னதில் உள்ள பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் 40 கிலோகிராம் உந்தி 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 250 ஆம்பியர் என்று கொள்வோம். எஞ்சின் பாட்டரி படகின் பின்கோடியில், உந்தி முன்கோடியில். போக 10 மீட்டர், வர 10 மீட்டர், ஆக 20 மீட்டர் செப்புக் கேபிள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் உள்ள செம்பின் தடை 0.0172 ஓம். 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் பார்வைக்குக் கட்டைவிரல் பருமன் இருக்கும், ‘இது போதாதா?’ என்று தோன்றும். 20 மீட்டருக்கு அதன் தடை ஏறக்குறைய 0.01 ஓம், 250 ஆம்பியர் பாயும்போது கேபிளிலேயே 2.5 வோல்ட் போய்விடுகிறது. நல்ல பாட்டரியின் உள்தடையில் இன்னும் ஒன்றேகால் வோல்ட். 12.6 வோல்ட்டில் புறப்பட்ட மின்சாரம் மோட்டாரை அடையும்போது 8.9 வோல்ட்.

பாட்டரி ஒன்றைத் தனியாக அணியத்திலேயே, உந்தியிலிருந்து 2 மீட்டரில் வைத்தால் என்னாகும்? அதே கேபிளில் இழப்பு அரை வோல்ட்தான், மோட்டாருக்கு 10.9 வோல்ட் கிடைக்கும். தள்ளல் ஏறத்தாழ வோல்ட்டின் இருபடியைப் பின்பற்றுவதால், பின்னால் உள்ள பாட்டரியை நம்பினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளல் துறைக்கு வருமுன்பே கேபிளில் சூடாகிக் காற்றோடு போய்விடும். (வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சிறிது குறையுமாதலால் உண்மை இழப்பு இதற்குச் சற்றுக் குறைவு; ஆனாலும் படகோட்டி உணரும் அளவுக்கு இருக்கும்.) 60 கிலோகிராம் உந்தியை வாங்கி 40 கிலோகிராம் பெறுவதைவிட, 40 கிலோகிராம் உந்தியை வாங்கி 40ஐயும் பெறுவது புத்திசாலித்தனமல்லவா? மேலும் எங்கள் ஆழமானியும் மற்றக் கருவிகளும் அந்தப் பின்பாட்டரியிலேதான் ஓடுகின்றன. வோல்ட் சரிந்தால் அவை அணைந்து அணைந்து எரியும். அதுவும் துறையை நெருங்கும் நேரத்தில்.

கேபிளை 95 சதுர மில்லிமீட்டராகத் தடித்தாலும் காரியம் நடக்கும். இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். ஆனால் செம்பு மட்டும் 17 கிலோகிராம். செம்பு விலையை விசாரித்ததும் சேட்டன் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். 24 வோல்ட் அமைப்புள்ள படகானால் ஆம்பியர் பாதியாகி, கேபிளில் வீணாகும் திறன் நான்கில் ஒன்றாகும். புதிதாகப் படகு கட்டுபவர்கள் அதை எண்ணிப் பார்க்கலாம்.

முன்பாட்டரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 250 ஆம்பியர் 3 நிமிடம் பாய்ந்தாலும் செலவு 12.5 ஆம்பியர்-மணிதான். ஆகவே கொள்ளளவு பெரிய பிரச்சினையன்று. ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டத்தைக் கொடுக்க வல்லதாக இருக்க வேண்டும். லாரி எஞ்சினைக் கிளப்பும் வகைப் பாட்டரி அதற்கே செய்யப்பட்டது. அதை எஞ்சினின் மின்னாக்கியிலிருந்து ஒரு சிறு கேபிள் மூலம், தானே இணைந்து தானே விலகும் ரிலே வழியாக மின்னேற்றலாம். இங்கே ஒரு நுணுக்கம்: உந்தி ஓடும்போது அந்த ரிலே திறந்துகொள்ள வேண்டும். திறக்காவிட்டால் உந்தி பின்பாட்டரியிலிருந்தும் அந்தச் சிறு கேபிள் வழியாக இழுக்கும்; கேபிள் உருகும். அதன் இரு முனைகளிலும் பியூஸ் கட்டாயம். பெரிய கேபிளுக்கும் பாட்டரி அருகிலேயே பியூஸும், கையால் துண்டிக்கும் ஒரு தலைமை ஸ்விட்சும் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் படகாயின் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். சாதாரண மோட்டாரின் கரித்தூரிகைகள் ஓடும்போது பொறி விடும். பெட்ரோல் ஆவி தேங்கக்கூடிய அறையில் அது வெடிகுண்டுக்குச் சமம். தீப்பொறி வெளிவராதபடி மூடப்பட்ட மோட்டாரையே அங்கே வைக்க வேண்டும்.

பொருத்தும் வேலையை மீன்பிடிப் படகுக்குக் கண்ணாடியிழை வேலை செய்து பழகியவரிடம் கொடுப்பதே மேல். நான் பார்த்த அளவில் வேலையின் உயிர் துளை போடுவதில் இருக்கிறது. அணியத்தின் பக்கங்கள் சாய்ந்திருப்பதால், உருண்டைக் குழாய்க்கு வேண்டிய துளை வட்டமாக இராது; நீள்வட்டமாக இருக்கும். கண்ணால் மதிப்பிட்டு வெட்டினால் போயிற்று. இரு பக்கமும் மையத்தைக் குறித்துச் சிறு துளையிட்டு, ஒரு நேர்க்கம்பியை இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செலுத்துகிறார்கள். கம்பியில், குழாயின் ஆரத்துக்குச் சமமான தூரத்தில், கம்பிக்கு இணையாகச் சறுக்கும் ஓர் எழுத்தாணியை மாட்டிச் சுற்றினால், சரியான நீள்வட்டம் படகின் பக்கத்தில் தானே வரைந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் உருளையைச் சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று படித்தோமே, அதைப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் பீடி புகைத்துக்கொண்டே செய்து காட்டினார்.

வெட்டிய பிறகு, துளையைச் சுற்றி உள்ளும் புறமும் 10, 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேற்பூச்சைத் தேய்த்து எடுத்து, அசெட்டோனால் துடைத்து, குழாயை நிறுத்தி, கண்ணாடியிழை விரிப்பும் பிசினும் அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டுகிறார்கள். படகின் உடல் நடுவில் மரம் வைத்த இரட்டைத் தோலாக இருந்தால், வெட்டிய விளிம்பில் தெரியும் மரத்தைப் பிசினால் முற்றிலும் மூடிவிட வேண்டும்; ஒரு துளி நீர் புகுந்தாலும் ஆண்டுகள் செல்ல உள்ளே ஊறி அழுகும். இயன்றால் உந்தி இருக்கும் அறையின் பின்னால் நீர்புகாத் தடுப்புச்சுவர் ஒன்றும் எழுப்பிவிடலாம். படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் போடுகிறோம் என்ற நினைவு எப்போதும் இருக்க வேண்டும்.

குழாயின் நீளம் விட்டத்தைப்போல் 2 முதல் 4 மடங்குக்குள் இருப்பது நல்லது. அதன் வாய்களைக் கூர்விளிம்பாக விடாமல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். கூர்விளிம்பில் நீர் சுழித்து உள்ளே வரும். தள்ளலும் குறையும், இரைச்சலும் கூடும். படகு ஓடும்போது குழாய்வாயின் பின்விளிம்பில் நீர் மோதி வேகத்தைத் தின்னும். அதைத் தவிர்க்க, வாயின் முன்புறம் சிறு மேடும் பின்புறம் சிறு பள்ளமும் அமைத்து நீரை வழுக்கிச் செல்ல விடுகிறார்கள்.

பயன்படுத்துவதிலும் சில உண்டு. சாதாரண மின்உந்திகளை ஒரே மூச்சில் 2, 3 நிமிடங்களுக்குமேல் ஓட்டக்கூடாது. உள்ளே செல்லும் 3 கிலோவாட்டில் ஒரு கிலோவாட் வெப்பமாகிறது என்று வைத்தால், 10 கிலோகிராம் மோட்டார் 3 நிமிடத்தில் சராசரி 40 டிகிரி சூடேறும். கம்பிச்சுருள் அதைவிட மிக அதிகமாகச் சூடேறும். வெப்பம் மிஞ்சினால் தானே நின்றுவிடும் ஸ்விட்சு பல மோட்டார்களில் உண்டு. ஆனால் அது நிற்பது துறைக்கு இரண்டு முழம் இருக்கும்போதாக இருந்தால் யாருக்கு நல்லது? ஆகவே குறுகிய தட்டுகளாக, இரண்டு நொடி, மூன்று நொடி என்று ஓட்டிப் பழக வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, தூரிகையில்லாத புது மோட்டார்கள் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிட்டன, விலைதான் இடிக்கிறது.

படகு முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது உந்தியை நம்பக்கூடாது. வேகம் ஓரிரண்டு நாட்டைத் தாண்டினாலே அதன் பயன் வெகுவாகக் குறையும். பீச்சும் நீர் பக்கவாட்டில் போகாமல் படகின் உடலோடு ஒட்டிப் பின்னே வளைந்துவிடும். அதோடு, முன்செல்லும் படகின் ஊன்றுபுள்ளி முன்னே நகர்வதால் நெம்புகோலும் குட்டையாகிறது. பின்னோக்கி வரும்போது இதற்கு நேர்மாறு. ஊன்றுபுள்ளி பின்னே போக, உந்தி நன்றாகப் பிடிக்கும். ஒற்றை எஞ்சின் படகைப் பின்னோக்கி நேராக ஓட்டுவது பெரும் பாடு என்று முதலில் சொன்னேனல்லவா? அங்கேதான் பக்க உந்தியின் அருமை தெரியும்.

பராமரிப்பு சிறிது, ஆனால் விட முடியாதது. கொச்சிக் காயலின் உவர்நீரில் குழாய்க்குள் சிப்பியும் கொட்டலசும் விரைவில் குடியேறும். விசிறிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. நாலு கொட்டலசு ஒட்டினாலும் தள்ளல் விழும். ஆண்டுக்கு ஒருமுறையாவது படகைக் கரையேற்றிச் சுரண்ட வேண்டும். விசிறியின் அருகே ஒரு சிறு துத்தநாகக் கட்டி திருகப்பட்டிருக்கும். உவர்நீரில் வெவ்வேறு உலோகங்கள் மின்கலம்போல் வேலை செய்து, எளிதில் அரிபடும் உலோகம் முதலில் கரையும். வெண்கலப் பல்சக்கரப் பெட்டிக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கொள்கிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். படகின் அடிக்குச் சிப்பி ஒட்டாத வண்ணம் பூசும்போது குழாயின் உள்ளும் பூசலாம். துத்தநாகத்தின்மேல் மட்டும் பூசக்கூடாது, பூசினால் அது கரையாது, பெட்டி கரையும். வண்ணம் பூசுகிறவர்கள் கை போன போக்கில் அதன்மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும்.